பாடை திரும்பும் இடம்

தெருமுனை வந்ததும் பெண்கள் நின்றுவிட்டார்கள். பானுப்ரியா நிற்கவில்லை. துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு அப்பாவின் பாடைக்குப் பின்னாலேயே நடந்தாள்.

சித்தப்பா மாரியப்பன் திரும்பிப் பார்த்துப் பதறிப்போனார். பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்கு வருவதாவது, நாலு பேர் என்ன பேசுவார்கள், போய் அம்மாவோடு உட்கார் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவள் நடையை நிறுத்தவில்லை. அழுது அழுது குரல் போயிருந்த அம்மா குப்பம்மாள்தான் முனையிலிருந்து சொன்னாள்.

"உடு தம்பி, வரட்டும். அவ அந்த வழிய பாக்கணும்."

பெண்டாட்டியே சொன்ன பிறகு தம்பி மச்சான் யார் என்ன சொல்ல முடியும்? மேளம் நகர்ந்தது.

அப்பா மாசிலாமணி நாற்பது வருஷம் உப்பளத்தில் வேலை செய்தவர். முந்தின நாள் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. விழுப்புரத்திலிருந்து பானுப்ரியா பஸ் பிடித்து வருவதற்குள் முகத்தை மூடிவிட்டார்கள். இரண்டு மாதமாக அவரோடு அவள் சரியாகப் பேசவில்லை.

எல்லாம் ஒரு வரைபடத்தால் வந்த வினை. விழுப்புரத்தில் அவள் வரைபடம் போடும் ஆபீசுக்கு, அவளுடைய சொந்த ஊரான தாழம்பேட்டையின் கடற்கரையைப் புதுப்பிக்கும் வேலை வந்திருந்தது. நடைபாதை, பூங்கா, மீன் வறுவல் கடைகள், ஊர்ப் பெயரைப் பெரிய பெரிய எழுத்தில் நிறுத்திவைத்த செல்ஃபி பாயிண்ட். நம்ம ஊருக்கு நானே போட்டேன் என்று பெருமையோடு தாளைக் கொண்டுவந்து அப்பா முன்னால் விரித்தாள். உப்பில் வெடித்த விரலால் கரையோரம் முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டு அவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"நம்ம வழி எங்கம்மா?"

அந்தக் காலத்தில் ஊர்த்தெரு வழியாகக் காலனிப் பிணம் போகக்கூடாது. அதனால் சுடுகாட்டுக்குப் போக மணலில் காலாலேயே போட்டுக்கொண்ட வழி அது. கிராமக் கணக்கு வரைபடத்தில் அதற்கு ஒரு கோடு கிடையாது. ரெக்கார்டில் இல்லாததை நான் எப்படிப் போடுவது என்று கேட்டாள் பானுப்ரியா. ஒரு நாள் வா, நடந்து காட்டுகிறேன் என்றார். லீவு இல்லை என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். அவர் தாளைச் சுருட்டி நீட்டினார்.

தான் செத்தால்தான் சுடுகாடு தெரியும் என்பார்கள். தாழம்பேட்டைப் பெண்களுக்கு அது எழுத்துக்கு எழுத்து உண்மை. முனையோடு நின்றுவிடுகிறவளுக்கு அதற்கப்பால் வழி எப்படிப் போகிறது என்று எங்கே தெரியும்? களத்தில் கண்டதை வரைபடத்தில் போடலாம், அதற்குத் தடையில்லை. அவள்தான் களத்துக்கே போகவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வரைபடம் ஒப்புதலுக்கு மேலே போகிறது. போய்விட்டால் இந்த வழிமேல் பூங்காச் சுவர் எழும்பும், அவ்வளவுதான்.

சவுக்குத் தோப்பைத் தாண்டி மணல் தொடங்கியது. அவள் கையிலிருந்த போன் வழியைக் குறித்துக்கொண்டே வந்தது. சர்வேக்காரர்கள் நட்ட சிவப்புக் கல் ஒன்றைத் தாண்டியதும் மேளம் நின்றது, பாடையை இறக்கினார்கள். தலைமாட்டையும் கால்மாட்டையும் திருப்பி வைக்கும் இடம். சுற்றிலும் அடப்பங்கொடி படர்ந்திருக்க, அந்த இடம் மட்டும் களம்போல வட்டமாக மிதிபட்டுக் கிடந்தது. அவள் திரும்பிக் கல்லின் நம்பரைப் பார்த்தாள். செல்ஃபி பாயிண்டை அவள் போட்டிருந்தது இங்கேதான்.

ஆறு பேர் தூக்கித் திரும்பினார்கள். ஒருவருக்குக் கால் மணலில் புதைய, பாடை ஒருபக்கம் சாய்ந்தது. பானுப்ரியா ஓடிப்போய்க் கீழே கை கொடுத்தாள். அப்பாவின் கனம் ஒரு கணம் அவள் உள்ளங்கையில் இறங்கியது. மாரியப்பன் இப்போது அவளைப் போகச் சொல்லவில்லை.

"எல்லாருக்கும் இங்கதாம்மா திருப்புவோம். எங்கப்பாவுக்கும் இங்கதான்."

மேளம் மறுபடி கிளம்பியது. அவள் மட்டும் பின்தங்கி, அடிமேல் அடி வைத்து அந்த வட்டத்தை அளந்தாள். கண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்தது, எண்ணிக்கை தப்பவில்லை.

பால் தெளித்த மறுநாள், வியாழக்கிழமை, ஆபீசுக்குப் போய்விட்டாள். காரியம்கூட முடியவில்லையே, அதற்குள் ஏன் வந்தாய் என்று மூத்த அதிகாரி ஜினபாலன் கடிந்துகொண்டார். செஞ்சிப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாத மனுஷன். நாளைக்கு மேலே போகுதே சார் என்று மட்டும் சொல்லிக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். காலனி முனையிலிருந்து சுடுகாடு வரை கோடு இழுத்து, 'வழக்கத்தில் உள்ள பாதை' என்று எழுதினாள். செல்ஃபி பாயிண்டை எடுத்துவிட்டு அங்கே, தான் அடிவைத்து அளந்தபடி, நடுவிலிருந்து எட்டடிக்கு ஒரு வட்டம் போட்டாள்.

ஜினபாலன் பின்னால் வந்து நின்றார். வண்டி திரும்புகிற இடத்துக்குத்தான் அந்த ஆபீசில் அப்படி வட்டம் போடுவார்கள். பஸ்ஸுக்கு ஓர் அளவு, தீயணைப்பு வண்டிக்கு ஓர் அளவு.

"இது எந்த வண்டிக்கும்மா?"

"வண்டி இல்ல சார். ஆறு பேரு தோள்ல வச்சிக்கினு திரும்பணும்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நடுவுலேருந்து எட்டடி போதுமா?"

"பத்தா வச்சிடலாம் சார். மணல்ல கால் பொதையும்."

அவர் தலையசைத்தார். பானுப்ரியா எட்டை அழித்துவிட்டுப் பத்து என்று அடித்தாள்.