மணிக்கட்டில் இருந்தவன்

அந்திக்கு மஃரிப் தொழுது முடித்ததும் சபூரா உம்மா மகளின் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வாள். நாடி துடிக்கும் இடத்தில் இரண்டு விரலை வைத்து, "அஸ்ஸலாமு அலைக்கும் மனே" என்பாள். அந்த ஸலாம் மகளுக்கல்ல, மகனுக்கு. மகன் ஸியாம் கட்டாரில் மௌத்தாகி, அங்கேயே அடக்கமாகி வருடங்கள் ஓடிவிட்டன. இதை ஊரில், ஓட்டமாவடியில், யாரிடமாவது போய்ச் சொல்லிப் பாருங்கள், கிழவிக்குக் கழன்றுவிட்டது என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். ஒன்றும் கழலவில்லை. உம்மாவுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததே படித்த மகள்தான்.

மகள் றுக்ஷானா பெண்கள் பாடசாலையில் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிக்கிறவள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. தம்பி ஸியாமின் எலும்புக்குள் இரத்தம் ஊறும் என்புமச்சைதான் பொருந்தியது. கொழும்பில் வைத்து அவளுடைய மச்சையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டு அவனுடையதை ஏற்றினார்கள். அவள் பிழைத்தாள். அவனோ, "ராத்தா, இனி நீ அரைவாசி ஆம்புள. மீச வந்தா எனக்குச் செல்லு" என்று கேலி பண்ணிவிட்டு அடுத்த வருடமே கட்டாருக்கு விமானம் ஏறினான். அங்கே ஒரு கொடும் வெயில் நாளில், வேலை முடிந்து வந்து கட்டிலில் படுத்தவன் எழும்பவில்லை. அங்கேயே அடக்கம் பண்ணினார்கள்; மையத்தின் முகத்தைக்கூட உம்மா பார்க்கவில்லை.

செய்தி வந்த அன்று உம்மா அழவில்லை. சோறு தண்ணீர் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "எண்ட புள்ளட வாயில ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த ஆளில்லயே. கலிமா செல்லிக் குடுக்க ஆளில்லயே." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். பார்க்கப் பொறுக்காமல் றுக்ஷானா பக்கத்தில் போய் உட்கார்ந்து, "அவன் போகல்ல உம்மா. எண்ட ரத்தம் முழுக்க அவன்தான். இந்தா, தொட்டுப் பாருங்க" என்று கையை நீட்டினாள். விளக்கமும் சொன்னாள். இரத்தக் கலங்கள், செல்கள் என்பார்களே அவை, என்புக்குள்தான் பிறக்கின்றன. ஒவ்வொரு தாய்க்கலமும் வளர்ந்து, தன் டிஎன்ஏயைப் பிரதி எடுத்து, இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த இரண்டும் ஸியாம், அவை பிரிந்த நாலும் ஸியாம். ஆறுதலுக்குத்தான் சொன்னாள். பொய்யும் இல்லை. ஆனால் உம்மா அதைப் பிடித்த பிடி இருக்கிறதே, அது உடும்புப்பிடி.

அதன் பிறகு அந்த வீட்டில், இறந்தவர்களுக்கு ஓதும் கத்தம் ஸியாமுக்கு ஓதவே இல்லை. சொந்தக்காரர்கள் கேட்டால், "உசிரோட இரிக்கிற புள்ளைக்குக் கத்தமா? நல்ல கதை!" என்று எரிந்து விழுவாள். அவனுக்குப் பிடித்த பனையான் மீனில் குழம்பாக ஆணம் காய்ச்சி, மகளின் சோற்றுக் கோப்பையில் ஊற்றிவிட்டு, "தின்னு மனே" என்பாள். றுக்ஷானாவுக்குப் பனையான் கண்ணிலும் காட்டக்கூடாது. முள்ளும் சேற்று வாடையும். அப்படிப்பட்டவள் ஒருநாள் கோப்பையை வழித்துத் தின்று, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னாள். சொன்ன பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. கேட்டது யார்?

நாக்கின் ருசிக்கும் என்புமச்சைக்கும் சம்பந்தமில்லை என்று அவளுக்கு நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன செய்ய? பயம் பாடப்புத்தகம் படித்துவிட்டா வருகிறது? வகுப்பில் கரும்பலகையில் கலப்பிரிவு வரையும்போது, நிறமூர்த்தங்கள் என்ற குரோமோசோம்கள் நடுவில் வரிசையாக நிற்கும் படத்தில் வந்து சோக்கட்டி நின்றுவிடும். இதே நொடியில் என் என்புக்குள் அவன் இரண்டாகிறான் என்று தோன்றும். முதுகுக்குப் பின்னால் யாரோ சிரித்ததுபோல இருக்கும். திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் தலைகுனிந்து எழுதிக்கொண்டிருப்பார்கள்.

இந்த முறை மழை தொடங்கியபோது அவளுக்குக் காய்ச்சலும் தொடங்கியது. நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஒரு காலையில் மணிக்கட்டில் உம்மாவின் இரண்டு விரலும் நீலமாகப் பதிந்து கிடந்தன. முந்தின நாள் மெல்லப் பிடித்த பிடிதான். உம்மா அதைப் பார்த்தாள். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா! மேல வந்திட்டான்!"

றுக்ஷானா கையை இழுத்துக்கொண்டாள். இரத்தத்தை உறைய வைக்கும் சிறுதட்டுகள் குறைந்துபோனால் தொட்ட இடமெல்லாம் இப்படித்தான் கன்றும். முதல் தடவையும் நோய் இப்படித்தான் வந்து கதவைத் தட்டியது.

மட்டக்களப்பு கிளினிக்கில் டொக்டர் சிவானுஜா பரிசோதனை முடிவுகளைப் பார்த்துவிட்டுத் தாளை அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

"உங்கட பழைய வருத்தம் திரும்பல்ல டீச்சர். இந்த முறை புற்றானது தம்பிட கலம். அபூர்வம்தான், ஆனா நடக்கும்."

"பிரதி எடுக்கக்குள்ள வந்த பிழையா?"

"ஓம். பிழை வந்தா கலம் நிண்டு பாத்துத் திருத்தணும். திருத்த ஏலாட்டித் தன்னையே அழிச்சுக்கொள்ளணும். உங்களுக்குத் தெரியாததா? இது ஒண்டு நிக்காமப் போயிட்டுது. இப்ப பிரிஞ்சு பிரிஞ்சு நிறைஞ்சு போச்சு. தம்பிட மச்சை முழுசையும் அழிக்கத்தான் வேணும். நல்லத மட்டும் மிச்சம் வைக்க ஏலாது. பிறகு புதுசு ஏத்தணும்."

"புதுசுக்கு எங்க போற?"

"உம்மா சுகமா இருக்காவா? அவட மச்சை அரைவாசி பொருந்தும், இப்ப அது போதும். ஆனா டீச்சர், யோசிச்சுக்கொண்டு இருக்க நேரமில்ல."

பஸ்ஸில் அவள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். உம்மாவுக்குத் தெரியாமல் செய்யலாம் என்றால், மச்சையே உம்மாவிடமிருந்துதான் வரவேண்டும். சொன்னால், உம்மாவின் மகனை இரண்டாம் தடவை சாகக் கொடுத்தவள் ஆவாள். சொல்லாவிட்டால் உம்மாவுக்கு இரண்டு பிள்ளைகளுமே இல்லை. அவளுக்கு உம்மாவின் மேல் கோபம் வந்தது, ஸியாமின் மேலும் வந்தது, எல்லாவற்றையும்விட, அன்றைக்குக் கையை நீட்டிய தன்மேல் வந்தது. வீட்டுக்கு வந்து வாயைத் திறக்கவில்லை. மறுநாளும் திறக்கவில்லை. மஃரிபுக்குப் பிறகு உம்மா மணிக்கட்டுடன் பேசப் பேச, தோலுக்குள் அவன் கூட்டம் கூட்டமாகப் பெருகுவது கேட்பதுபோல இருந்தது.

வெள்ளிக்கிழமை பகல், உம்மா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க வந்த றுக்ஷானாவுக்குக் கண் இருட்டியது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, விழுவதற்கு முன் டொக்டர் சொன்ன எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"பொய்!" உம்மா கத்தினாள். "எண்ட மகன் ஒன்னக் கொல்லுவானா? ஒனக்கு உசிரு குடுத்தவன்கா அவன்!"

"அவன் கொல்லல்ல உம்மா. அவனுக்கு இது தெரியாது. ஒரு கலம் பிழையாப் பிரதி எடுத்திட்டு, நிக்கத் தெரியாமப் பிரியிது. அவ்வளவுதான்."

"அழிச்சா ஒண்டும் மிஞ்சாதா?"

"மிஞ்சாது."

"அழிக்காட்டி?"

றுக்ஷானா சட்டைக் கையை மேலே தூக்கிக் காட்டினாள். முழங்கை வரைக்கும் நீலம். உம்மாவின் விரல் பட்ட ஒவ்வொரு இடமும் அதில் இருந்தது. உம்மா அந்தக் கையை வெகுநேரம் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அதை மகளுடைய கையாக அவள் பார்த்தது அப்போதுதான்.

பிறகு எழும்பிப் போனாள். கைகால் கழுவி ஒளு எடுத்தாள். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் கொடுத்த ஸம்ஸம் தண்ணீரைக் கிண்ணத்தில் கொண்டுவந்தாள். தொழும் திசையான கிப்லாவைப் பார்த்துப் பாய் விரித்தாள்.

"படு."

"உம்மா, நான் மௌத்தாகப் போறல்ல. எனக்குப் பயமா இரிக்கி."

"ஒனக்கில்ல புள்ள. பேசாமப் படு."

றுக்ஷானா படுத்தாள். உம்மா கரண்டியால் அவள் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டாள். அப்புறம் மணிக்கட்டின் மேல் குனிந்தாள். தொடவில்லை.

"லாஇலாஹ இல்லல்லாஹ். செல்லு மனே."

உண்மையிலேயே பதில் வந்துவிடுமோ என்று றுக்ஷானாவுக்குப் பயமாக இருந்தது. சாகக் கிடப்பவன் கலிமாவைத் திருப்பிச் சொல்லவேண்டும். தான் சொன்னால் அவன் போய்விடுவான். சொல்லாவிட்டால் உம்மா இப்படியே குனிந்திருப்பாள், தான் இப்படியே கிடந்து செத்துப்போவாள்.

"செல்லு மனே. உம்மா பக்கத்துலதான் இரிக்கன்."

அவளுடைய வாய் திறந்தது. கலிமா வந்தது. அந்தக் குரல் தடித்துப்போய் இருந்தது. அது தன் குரல்தான் என்று சத்தியம் பண்ண இன்றுவரை அவளால் முடியாது.

"இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்" என்று மௌத்துச் செய்திக்குச் சொல்லும் வார்த்தையைச் சொன்னாள் உம்மா. உள்ளங்கையால் மகளின் கண்களைத் தடவி மூடினாள். அந்த இருட்டில் றுக்ஷானா அசையாமல் கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் உம்மாவின் குரல் கேட்டது.

"எனக்கு எங்க குத்தி எடுப்பாங்க?"

"இடுப்பு என்புல உம்மா."

"நோகுமா?"

"நோகும்."

"அவனுக்கு நொந்திச்சா?"

"நொந்திச்சி. பஸ்ஸுல வரக்குள்ள ஒருக்களிச்சித்தான் இருந்தான். உம்மாக்குச் செல்லிராத ராத்தா எண்டான்."

உம்மா முந்தானையால் வாயைப் பொத்தினாள். பொத்திப் பார்த்தும் முடியவில்லை. கட்டாரிலிருந்து செய்தி வந்த அன்று வராத அழுகை அப்போது வெடித்து வந்தது. பக்கத்து வீட்டுச் சனமெல்லாம் அடித்துப் பிடித்து ஓடிவந்து, யாருக்கு என்ன, யாருக்கு என்ன என்று வாசலில் நின்று கேட்டார்கள்.

"எண்ட மகன் ஸியாம் மௌத்தாகிட்டான்" என்றாள் உம்மா.