கட்டி என்று சொன்ன ஆறு வாரம்

தையல்காரிக்கு மல்லாந்து படுத்துப் பழக்கமே இல்லை. இப்போது நான்காவது வாரமாக மல்லாந்துதான் கிடக்கிறாள். முதுகுக்கு மூன்று தலையணை, புரண்டுவிடாமல் இருக்கப் பக்கத்துக்கு ஒன்று. கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது, தண்ணீர் வாளியைத் தொடக் கூடாது, முன்பக்கம் கொக்கி வைத்த அந்த இறுக்கமான உள்ளாடையைக் குளிக்கும் நேரம் தவிர இரவு பகல் கழற்றக் கூடாது. ஆறு வாரத்துக்கு இதுதான் சட்டம். சும்மா இருப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் இல்லை என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

மார்பைத் தூக்கித் தைக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டாள். அதுதான் விஷயம். இரண்டு பிள்ளை பெற்று, இரண்டுக்கும் பால் கொடுத்து, நடுவில் குண்டாகி, பிறகு இளைத்து, கடைசியில் மிஞ்சியது அவளுக்குப் பிடிக்கவில்லை. கடையில் அளவு எடுக்கும் மூலையில் ஆளுயரக் கண்ணாடி. நாள் முழுக்க ஊரார் உடம்பை அதில் பார்த்துவிட்டுத் தன்னையும் பார்க்க வேண்டும். பதினாறு வருஷம் பார்த்தாள். போதும் என்று தோன்றியது.

டாக்டரம்மா ஒளிவு மறைவில்லாமல்தான் சொன்னாள். அளவு பெரிதாகாது, சின்னதாகவும் ஆகாது. தொங்குகிற தோலை வெட்டி, காம்பை மேலே ஏற்றி, சுற்றிலும் ஒரு தையல், அங்கிருந்து நேராகக் கீழே ஒரு தையல், அடி மடிப்பில் ஒரு தையல். தழும்பு ஒரு வருஷத்தில் மங்கும், மறையாது. காம்பில் கொஞ்ச நாளுக்கு உணர்ச்சி குறையலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம். தையல்காரிக்கு எல்லாம் நன்றாகப் புரிந்தது. அறுவை சிகிச்சை அன்று காலையில் அவளை நிற்க வைத்துப் பேனாவால் உடம்பில் கோடு போட்டபோது, சாக்கட்டியால் துணியில் தான் போடுவதைவிட அந்தக் கோடு நேராக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தொழில் புத்தி எங்கே போகும்!

புரியாதது வேறு. பத்தாம் நாள் கட்டைப் பிரித்துக் காட்டியபோது, மார்பு எங்கேயோ கழுத்துக்குப் பக்கத்தில் சதுரமாக, மஞ்சளும் ஊதாவுமாக வீங்கி நின்றதைப் பார்த்து அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "இப்படித்தான் இருக்கும்மா, மூணு மாசத்துல இறங்கி உக்காரும்" என்றாள் நர்ஸ். பிள்ளை பெற்று வரும் பெண்களிடம், இப்போது அளவு கொடுக்காதே, மூன்று மாசம் கழித்து வா என்று இவளே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! தனக்கென்று வந்தால் மட்டும் பொறுமை இல்லை.

இதையெல்லாம் வீட்டில் எப்படிச் சொல்வது? பஸ் ஓட்டுகிற புருஷனுக்குத் தெரியும். "உன் உடம்பு, உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவர் டியூட்டிக்குப் போய்விட்டார். இந்தப் பேச்சைப் பெருந்தன்மை என்பதா, தப்பித்துக்கொண்டார் என்பதா? ஆனால் சமைக்க, துவைக்க, பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டுமே. நாத்தனாரிடம் கேட்க வேண்டியிருந்தது. புருஷனுக்கு அக்கா, ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பிரிவில் வேலை, தனிக்கட்டை, வாயைத் திறந்தால் மூடமாட்டாள். அவளிடம் போய் அழகுக்காகக் கத்தி வைத்துக்கொள்ளப் போகிறேன் என்று எப்படிச் சொல்வது? தையல்காரி வாயில் தானாக வந்துவிட்டது.

"மார்ல ஒரு கட்டிக்கா. எடுக்கணுமாம்."

நாத்தனார் அதற்குமேல் ஒரு கேள்வி கேட்கவில்லை. காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, தினம் இரண்டு மணிக்கு வந்து நின்றாள். ஓட்டலில் நூறு படுக்கை விரிப்பை மடித்த கையோடு இங்கே வந்து பாத்திரம் தேய்த்தாள், சமைத்தாள், இவளை முக்காலியில் உட்கார வைத்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். துண்டை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருப்பாள் தையல்காரி. "என்னத்துக்குடி இவ்ளோ கூச்சம்? நான் பாக்காததா?" என்று நாத்தனார் தலையில் செல்லமாகக் குட்டுவாள். ஒவ்வொரு குட்டும் இவளுக்கு வலித்தது.

இரண்டாவது வாரம் நாத்தனார் கேட்டாள். "ரிசல்ட் வந்துச்சா?"

"வந்துடுச்சுக்கா. ஒண்ணும் இல்லையாம். வெறும் கொழுப்புக் கட்டியாம்."

நாத்தனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தன்மேல் இவ்வளவு பாசமா என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள். ஒரு பொய்க்கு இன்னொரு பொய் முட்டுக் கொடுத்தாயிற்று, இனி இதைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

நாத்தனாருக்குப் பட்ட அந்தக் கடனை எப்படித் தீர்ப்பது? அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இரண்டு நல்ல சட்டை தைத்துக் கொடுக்கலாம். கை மேலே போகாதே தவிர, உட்கார்ந்து அளவு எடுக்கலாம்.

"நீங்களும் உக்காருங்கக்கா. என்னால எக்க முடியாது."

"படுத்துக் கிடக்கச் சொன்னா கத்திரிக்கோலத் தேடுற பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே நாத்தனார் முக்காலியில் உட்கார்ந்தாள். தோள், கை, பிறகு மார்புச் சுற்று. டேப்பை இழுத்து முன்னால் சேர்த்தபோது நாத்தனார் வெடுக்கென்று பின்னால் போனாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்ல. அங்க மெதுவா புடி."

தையல்காரியின் விரல் டேப்புக்குக் கீழேயே இருந்தது. இடது பக்கம், அக்குளை ஒட்டி, துணிக்குள் வைத்துத் தைத்துவிட்ட பித்தான் மாதிரி ஒன்று. நகரவில்லை.

"எத்தனை நாளா இருக்கு?"

"நாலஞ்சு மாசம் இருக்கும். ஏன் மூஞ்சி இப்படிப் போகுது? ஆஸ்பத்திரிக்குச் சீட்டுகூட வாங்கி வச்சிருந்தேன். அதுக்குள்ளதான் உனக்கு ஒண்ணுமில்லன்னு வந்துச்சே. உனக்கு மாதிரிதான் எனக்கும். போகல."

"அக்கா, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது. நாளைக்கே போயிடுங்க" என்றாள் தையல்காரி. பொய்யை அப்படியே வைத்துக்கொண்டு காரியத்தை மட்டும் முடிக்கப் பார்த்தாள். முடியுமா?

நாத்தனார் சிரித்தாள். களைத்த சிரிப்பு. "போடி. ஒண்ணுமில்லாத கட்டிக்கே நீ நாலு வாரமா எழுந்திரிக்க முடியாம கிடக்குற. உனக்கு நான் வந்தேன். எனக்கு யாரு வருவா? ஒரு மாசம் லீவு போட்டா வேலையில வச்சிருப்பானா? ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு இந்தப் பாடு?"

அவள் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை, அடியில் இருந்த பொய்யைத் தவிர. அந்தப் பொய் இவளுடையது. தையல்காரி டேப்பைக் கீழே வைத்தாள். வெட்கம் பிடுங்கித் தின்றது. முன்கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் திறந்து காட்டினாள்.

"எனக்குக் கட்டியே இல்லக்கா. பாருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தையல். தொங்கிப் போச்சுன்னு தூக்கித் தச்சுக்கிட்டேன். ரிசல்ட்டும் பொய்தான். எனக்குப் பரிசோதனையே பண்ணல. என்னை வச்சு உங்களுக்குக் கணக்குப் போடாதீங்க."

நாத்தனார் பார்த்தாள். இடது, வலது, மறுபடி இடது. பிறகு, "அழகுக்கா?" என்றாள்.

"எனக்காக."

"அத அப்பவே சொல்லியிருந்தா ரெண்டு திட்டு திட்டிட்டு வந்திருப்பேனேடி. உன் ரிசல்ட்டக் கேட்டுட்டு அந்தச் சீட்டக் கிழிச்சுப் போட்டேன்."

பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த நாள் இரண்டு மணிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. பாத்திரம் தொட்டியில் குவிந்தது. தையல்காரி பாத்திரத்தைப் பார்க்கவில்லை, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். அவள் என்னோடு ஜென்மத்துக்கும் பேசாமல் போகட்டும், ஆஸ்பத்திரிக்கு மட்டும் போய்விடட்டும் என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் எழுந்து, தன் டாக்டரம்மாவிடமே சொல்லிச் சீட்டு வாங்கி, ஓட்டலின் பின்வாசலில் போய் நின்றாள். ஷிப்டு முடிந்து வெளியே வந்த நாத்தனார் இவளைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள். சீட்டை வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தாள். இவள் பின்னாலேயே போனாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தும் பேச்சில்லை. ஒரு மணி நேரம் கழித்து நாத்தனாரின் எண்ணைக் கூப்பிட்டார்கள். அவளுடைய கனமான வேலைப் பை காலடியில் இருந்தது. அதையாவது வைத்துக்கொண்டு இருப்போமே என்று தையல்காரி குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

"வை கீழே!" நாத்தனார் பையை வெடுக்கென்று பிடுங்கினாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "இன்னும் ரெண்டு வாரம் இருக்கு உனக்கு. தையல் பிரிஞ்சா அதுக்கும் நான்தான் வந்து நிக்கணும்."

நாலடி போனாள். கதவுக்கு முன்னால் நின்றுவிட்டாள். திரும்பாமலேயே கேட்டாள்.

"உள்ள வர்றியா? எனக்குப் பயமா இருக்குடி."

தையல்காரி எழுந்து போய் அவளுடைய பை இல்லாத கையைப் பிடித்துக்கொண்டாள்.