கை நனைத்த வெள்ளிக்கிழமை

உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி, மாரியம்மன் சந்நிதியில் அதை அடித்து அணைத்துவிட்டுச் சொல்கிறேன்: இனி வருவதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. கூட்டிச் சொல்லவில்லை. சில இடங்களில் குறைத்திருக்கிறேன், நம்பமாட்டீர்கள் என்பதற்காக.

1933-ஆம் வருஷம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்த நாடகக் குழு ஒன்று மலாக்கா டவுனில் கொட்டகை போட்டிருந்தது. ராஜபார்ட்டுக்காரர் உச்சத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் தங்கா பத்துக் கடற்கரையில் நண்டெல்லாம் வளைக்குள் போய்விடும். எட்டு மணிக்கு ஆட்டம். மூன்றாம் மணி அடித்ததும் திரை தூக்கிவிடுவார்கள்.

பாயா ரும்புட் தோட்டத்துப் பிச்சைமுத்துக் கங்காணி, மனைவி இருசம்மாளோடும் மகள் ஜானகியோடும் ஏழு மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினார். ஆட்டத்துக்கு முன் சாப்பிட வேண்டும். எந்தக் கடையில் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியில்தான் ஜானகியின் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது.

பெண் கேட்டு இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவன் குருபோங் தோட்டத்து லாரி டிரைவர் தம்புசாமி. இரண்டு வருஷமாக ஜானகி ரப்பர் பால் வெட்டும் நிரையைத் தாண்டும்போதெல்லாம் ஹார்னை இரண்டு தடவை அடிப்பவன். இன்னொருவர் மாட்டுவண்டி காண்டிராக்டர் நல்லமுத்து. வயது நாற்பத்தேழு. இரண்டு மனைவிகளைப் புதைத்தவர், மூன்று தங்கப் பல் கட்டியவர். இரண்டு பேரும், "நாடகத்தன்னைக்கு டவுன்ல நம்ம செலவுல சாப்பாடு" என்று சொல்லி அனுப்பினார்கள். பிறந்ததிலிருந்து யாருக்கும் இல்லை என்று சொல்லிப் பழகாத கங்காணி இரண்டு பேருக்கும், "பாக்கலாம்லா" என்று பதில் சொல்லிவிட்டார்.

பார்க்கலாம் என்று சொல்வது எளிது. ஆனால் பெண் வீட்டார் சம்பந்தம் பேச வந்த இடத்தில் கை நனைத்தால் பேச்சு முடிந்தது, தாம்பூலம் மாற்றினாற்போலத்தான். பிடிக்கவில்லையென்றால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள்.

இரண்டு கடைகளும் எதிரெதிரே இருந்தன. இடதுபக்கம் சைவக் கடை. நல்லமுத்து வாசலில் நின்று சிரித்தார். கேஸ் விளக்கு வெளிச்சம் அவர் பல்லில் பட்டுத் தெறித்ததில், வந்துகொண்டிருந்த ரிக்‌ஷாக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். வலதுபக்கக் கடை வாசலில் தம்புசாமி, எண்ணெய் தடவிப் படிய வாரிய தலையோடு நின்றான். அவனுக்குப் பின்னாலிருந்து வந்த குழம்பு வாசனைக்குக் கசாப்புக் கடைக்குப் போகவேண்டிய ஆடு ஒன்று தானாகவே கயிற்றை அறுத்துக்கொண்டு உள்ளே வந்ததாகச் சொல்வார்கள்.

ஜானகிக்கு அந்த வாசனை பட்டதும் புரிந்துவிட்டது. மீன் குழம்பு. இன்றைக்கு வெள்ளிக்கிழமை. அப்பா வெள்ளிக்கிழமை மீன் தொடமாட்டார் என்பது தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். வாரம் ஏழு நாளும் லாரியிலேயே கிடப்பவனுக்குக் கிழமை எங்கே நினைவிருக்கும்.

"கங்காணி ஐயா, வாங்க. நல்ல கொடுவா மீனு. நானே காலையில பாசார்ல நின்னு பொறுக்கி எடுத்தேன்" என்றான் தம்புசாமி.

கங்காணி மூக்கைத் துண்டால் மூடினார். "இன்னைக்கு என்ன கிழமை, தம்பி?"

தம்புசாமி விரல் விட்டுக் கிழமைகளை எண்ணினான். வெள்ளியில் விரல் நின்றது. நெற்றியில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து இறங்கின.

எதிர்ப்பக்கத்திலிருந்து நல்லமுத்து கூப்பிட்டார். "இங்க வாங்க தம்பி. நெய்ச் சோறு, பாயசம். வெரதக்காரங்களுக்குத் தோதா சொல்லி வச்சிருக்கேன்."

"மாமனாரைத் தம்பினு கூப்புடுற மாப்பிள்ளைய இப்பத்தான் பாக்குறேன்" என்றாள் இருசம்மாள்.

"என்னைவிட ரெண்டு வயசு மூத்தவருல்ல. வேற எப்படிக் கூப்புடுவாரு" என்றார் கங்காணி.

முதல் மணி அடித்தது.

காலையில் குடித்த கஞ்சிக்குப் பிறகு கங்காணி எதையும் தொடவில்லை. அவர் வயிறு இரைந்த சத்தத்துக்குக் கொட்டகையில் மிருதங்கக்காரர் வாரை இறுக்கிச் சுருதி சரிபார்த்துக்கொண்டார். கங்காணி தெருவின் நடுவில் நின்று இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். பிறகு செருப்பை இடதுபக்கம் திருப்பினார்.

"அப்பா, மூலையில சீனன் கடையில ரொட்டி இருக்குப்பா" என்றாள் ஜானகி.

"ரொட்டி திங்கவா வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு வந்தேன்?"

இரண்டாம் மணி அடித்தது. கங்காணியின் வலதுகால் சைவக் கடைப் படியில் ஏறியது. நல்லமுத்து செம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினார். இன்னும் ஒரு கால். அப்புறம் அந்தத் தண்ணீர் விரலில் விழும். அவ்வளவுதான்.

ஜானகி திரும்பி எதிர்க்கடைக்குள் நடந்தாள். ஓடவில்லை. தம்புசாமியைத் தாண்டிப் போய், விரித்து வைத்த இலையின் முன் உட்கார்ந்து, செம்புத் தண்ணீரில் கையை அலம்பி, குழம்பு ஊற்றிய சோற்றைப் பிசைந்து வாயில் போட்டாள். மீன் துண்டையும் எடுத்துப் போட்டாள். ஆறு வயதிலிருந்து பிடித்த வெள்ளிக்கிழமை விரதம். கண்ணில் நீர் வந்தது. காரத்தால் இருக்கலாம்.

"பொட்டப்புள்ள தின்னதெல்லாம் ஒரு கணக்கா" என்றார் கங்காணி, ஒரு கால் படியிலும் ஒரு கால் தெருவிலுமாக.

"உங்க வீட்டுப் புள்ளதானே" என்றாள் இருசம்மாள். "அங்க அவ கை நனைச்சாச்சு. இங்க நீங்களும் நனைச்சா, ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல கை நனைச்ச குடும்பம்னு லயத்துல பாட்டே கட்டிருவாங்க. காளியம்மா கோயில் திருவிழாவுல உங்களுக்கு மொத மரியாதை குடுப்பாங்களா, யோசிச்சுக்குங்க."

கங்காணி யோசித்தார். செம்பு அவர் மூக்குக்கு நேரே நின்றது. நல்லமுத்து செம்பைச் சாய்த்ததில் ஒரு துளி விளிம்பில் வந்து நின்றது. அந்தத் துளி விழுவதா வேண்டாமா என்று அதுவும் கால் மணி நேரம் யோசித்தது.

கங்காணி காலைப் படியிலிருந்து எடுத்தார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே" என்று நல்லமுத்துவிடம் சொல்லிவிட்டுத் தெருவைக் கடந்தார். தம்புசாமியை மேலும் கீழும் பார்த்தார். "வெள்ளிக்கிழமைக்காரனுக்கு உங்கிட்ட என்னடா இருக்கு?"

"ரசம் இருக்கு மாமா. அப்பளம், மோர் இருக்கு."

"மாமாவா. அதுக்குள்ளயா?"

"கை நனைக்கப் போறீங்களே."

கங்காணி மகளுக்குப் பக்கத்து இலையில், மீன் முள் அவர் பக்கம் வராதபடி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கையை நீட்டினார். தம்புசாமி தண்ணீர் ஊற்றினான். மூன்றாம் மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. கங்காணி ரசத்தில் பதினொரு தடவை சோறு வாங்கினார். கொட்டகையில் ராஜபார்ட் பாட ஆரம்பித்தது கேட்டது. ஜானகி இலையை மூடாமல், இன்னொரு துண்டு மீன் கேட்டாள்.

கற்பூரம் அடித்த கையோடு இதையும் சொல்லிவிடுகிறேன்: பிச்சைமுத்துக் கங்காணிக்குப் பிள்ளைகள் நாலு பேர், நாலும் ஆண்.