நான்காம் தொட்டியின் மெழுகுவர்த்தி

நான்காம் தொட்டியைத் திறப்பதென்று ஒயின் கூட்டுறவுச் சங்கத்தில் முடிவானபோது, அங்கே பழம் நிறுக்கும் கோஸ்மே தலையைக் குனிந்துகொண்டான். இருபத்திரண்டு வருடமாக மூடிக்கிடந்த தொட்டி. இந்த வருடம் மலைச்சரிவின் கிழட்டுத் திராட்சைக் கொடிகளுக்கு என்ன வந்ததோ, காய்த்துக் கொட்டிவிட்டன. நூறு வயதுக் கர்னாச்சாக் கொடிகளின் பழத்தைச் சமவெளிப் பழத்தோடு கலந்தால் அரகோன் வட்டாரம் முழுக்கச் சிரிக்கும். தனியாகப் புளிக்கவைக்க வேறு இடமும் இல்லை.

இப்போது ஒயினை இறைத்தாகிவிட்டது. தரைக்குள் இறங்கிய அந்தத் தொட்டியின் அடியில் முழங்காலளவு திராட்சைச் சக்கை கிடந்தது. யாராவது இறங்கி மண்வாரியால் வாரி வாளியில் ஏற்ற வேண்டும்.

இறங்குகிறவன் மெழுகுவர்த்தியைத் தொடக் கூடாது என்பது அங்கே சட்டம். மேலே நிற்கிறவன்தான் அதை ஏற்றி, கயிற்றில் கட்டி இறக்க வேண்டும். அணைந்தால் கீழே இருப்பது புளிப்பில் உண்டான விஷக்காற்று. அணையாவிட்டால் “எரியுது” என்று குரல் கொடுப்பான். அந்த ஒரு சொல்லை நம்பி இவன் இறங்குவான்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் மேலே நின்றவன் கோஸ்மே. காலையிலிருந்து இரண்டு தொட்டிகளில் மெழுகுவர்த்தி நன்றாகவே எரிந்திருந்தது. வாசலில் பழ வண்டிக்காரர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நான்காம் தொட்டிக்குப் புது மெழுகுவர்த்தியைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை. “எரியுது” என்றுவிட்டான். கூட வேலை பார்த்த எலாதியோ பாடிக்கொண்டே ஏணியில் இறங்கினான். மண்வாரி ஆறு முறை சிமெண்டில் உரசியது. ஏழாவது வரவில்லை.

மெழுகுவர்த்தி ஏமாற்றிவிட்டதென்று ஊர் முடிவு கட்டியது. பாதிரியார் வந்து தொட்டிக்குப் புனித நீர் தெளித்தார். பழி தொட்டியின் தலையில் விழுந்ததைக் கோஸ்மே மறுக்கவில்லை.

அன்று மாலை எலாதியோவின் மனைவி பசிலிசா வந்து, “எரிஞ்சுதுன்னீங்களே, அந்த மெழுகுவர்த்தியக் குடுங்கண்ணே. அவர் தலைமாட்டுல ஏத்துறேன்” என்று கேட்டாள். புத்தி பேதலித்து நின்றவன் பையிலிருந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் தொட்டிப் பக்கமே போகவில்லை. பழ வண்டிகளை நிறுக்கும் எடைமேடை வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். அங்கேயும் அந்த மண்வாரிச் சத்தம் விடவில்லை. சூப்பை வாயில் வைத்தால் உரசல், கோயிலில் மண்டியிட்டால் உரசல். எண்ணி ஆறு, பிறகு அமைதி. அந்த அமைதிதான் அவனைத் தின்றது.

இப்போது அவன்முன் வந்து நின்றவள் எலாதியோவின் மகள் நியேவெஸ். மூன்று வருடமாகச் சங்கத்தில் வேலை.

“நான் இறங்குறேன் மாமா. மேல நீங்க நிக்கணும்.”

“வேற ஆளே இல்லையா? நீ வேண்டாம் புள்ள.”

“உங்க தொந்தி அந்த வாய்க்குள்ள நுழையுமா? நுழைஞ்சா நீங்களே இறங்குங்க.”

அவன் சிரிக்கவில்லை. அவள் பின்னால் தொட்டிவரை போனான். அவள் சட்டைப் பையிலிருந்து பழுத்து மஞ்சளான ஒரு மெழுகுவர்த்தியை எடுத்து நீட்டினாள். திரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

“அம்மா குடுத்தனுப்பினாங்க. இதத்தான் ஏத்தணுமாம்.”

கோஸ்மே தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டான்.

“உங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“எரிஞ்ச திரி வெள்ளையாவா மாமா இருக்கும்?”

“அப்பவே ஏன் கேக்கல?”

“நீங்களே சொல்வீங்கன்னுதான். ஒவ்வொரு அறுவடைக்கும் பழத்தோட உங்க முன்னாடி வந்து நின்னாங்க. நீங்க தராசு முள்ளையே பாத்துக்கிட்டிருந்தீங்களாம்.”

“நான் ஏத்தவே இல்ல. பொய் சொன்னேன். உங்கப்பாவ நான்தான் கொன்னேன் புள்ள.”

அவள் முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அத எங்கிட்ட சொல்லாதீங்க. சக்கை ஏத்த வண்டியோட அம்மா வெளிய நிக்கிறாங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. இப்ப இத ஏத்துங்க.”

“இதுக்கப்புறமும் என்னையா நம்புற?”

“மெழுகுவர்த்திக்கு உங்கள விட பயந்த ஆளு இந்த ஊர்ல இல்லைன்னாங்க அம்மா.”

மூன்றாவது தீக்குச்சியில்தான் திரி பற்றியது. கயிற்றைச் சாண் சாணாக விட்டான். சுடர் சக்கையைத் தொடும் உயரத்தில் நின்றது. பாதி மெழுகு உருகும்வரை வைத்த கண் வாங்காமல் பார்த்தான்.

“எரியுது” என்றான்.

அவள் ஏணியில் இறங்கினாள். மண்வாரி உரசத் தொடங்கியது. ஒன்று, இரண்டு. கோஸ்மே உதடு பிரியாமல் எண்ணினான். ஐந்து. ஆறு. பிறகு சத்தமே இல்லை.

“நியேவெஸ்!”

தொட்டிக்குள் அவன் குரலே சுற்றி வந்தது. ஒரு காலை ஏணியில் வைத்துவிட்டான்.

“என்ன மாமா, வேர்வையத் துடைக்கக்கூட விடமாட்டீங்களா?”

ஏழாவது உரசல் கேட்டது. எலாதியோவுக்குக் கிடைக்காத ஏழாவது. கோஸ்மே கயிற்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதான். அழுதுகொண்டே அவள் பெயரைக் கூப்பிட்டான். கடைசி வாளி மேலேறும்வரை நிறுத்தவில்லை. அவளும் சலிக்காமல் பதில் கொடுத்தாள்.

அவள் மேலே வந்ததும் எஞ்சிய துண்டு மெழுகுவர்த்தியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தான். திரி இப்போது கறுத்திருந்தது. வண்டியருகே பசிலிசா நின்றுகொண்டிருந்தாள். அவன் பார்த்துக்கொண்டு நிற்க அங்கே தராசு முள் எதுவும் இல்லை.