மோட்டார் அறையில் ஒரு சுண்டெலி

கதை என்றால் அதில் ஓர் ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு ஓர் இடம் வேண்டும். பாடம் இவ்வளவுதான். ஆனால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் புரியவைப்பதற்குள் டீச்சர் படாத பாடு பட்டாள். "எலி எங்கே இருந்துச்சு?" என்று கேட்டால், "பசியா இருந்துச்சு" என்பார்கள். சலித்துப்போய்ப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பள்ளிக்கூடத்தையே கதைக்குள் இழுத்துப் போட்டாள். சுண்டெலி சறுக்குமரத்தடியில் ஓடியது. கை கழுவும் குழாயடியில் பதுங்கியது. பின்னாலேயே பூனை. அடேயப்பா, வாயில் ஈ போவது தெரியாமல் உட்கார்ந்து கேட்டார்கள்!

டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அந்த ஜோரில் எலியைக் கொண்டுபோய் மோட்டார் அறைக்குள் ஒளித்தாள். எப்போதும் பூட்டிக் கிடக்கிற அறை, யார் போகப்போகிறார்கள் என்கிற தைரியம்.

"பூனை பொல்லாதது. அம்மா குரல்ல கூப்பிடும், டீச்சர் குரல்ல கூப்பிடும். எலி வாயே திறக்காது. ஃப்ரெண்டு நத்தை வந்து முதுகுல ஏத்திக்கிட்டுப் போற வரைக்கும் அங்கயேதான் இருக்கும். நத்தை மாதிரி மட்டும் பூனையால கூப்பிட முடியாது. ஏன் சொல்லுங்க?"

"நத்தை பேசாதே!" என்று வகுப்பே கத்தியது. அதற்குள் மணி அடித்துவிட்டது. மிச்சம் நாளைக்கு என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் வகுப்புக்குள் வந்தபோது பட்டாணியைக் காணோம். வகுப்பிலேயே குட்டிப்பெண் அவள்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிற ரகம். கழிவறையில் பார்த்தார்கள், இல்லை. விளையாட்டுத் திடலில் இல்லை. கேட்டைத் தாண்டி ஒரு பிள்ளையும் போகவில்லை என்று வாட்ச்மேன் அடித்துச் சொன்னார். பெரிய டீச்சர் வராந்தாவில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"ஒரு குழந்தையைக் கண்ணுல வெச்சுப் பார்த்துக்க முடியல உனக்கு! அவங்க அம்மாவுக்கு நான் என்னன்னு ஃபோன் பண்றது?"

டீச்சர் வகுப்புக்கு ஓடிவந்தாள்.

"பட்டாணி எங்க போனா? யாருக்காவது தெரியுமா? தெரிஞ்சா சொல்லுங்க செல்லங்களா."

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதுவே விசித்திரம். பென்சில் தொலைந்தால்கூட ஊரைக் கூட்டுகிற பிள்ளைகள், உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு அவளையே பார்த்தார்கள். எதற்கெடுத்தாலும் கேள்வி கேட்பதால் கேள்விக்குறி என்று பெயர் வாங்கிய பையன் மட்டும் மெல்ல எழுந்தான்.

"டீச்சர், நீங்க நிஜமாவே டீச்சரா, பூனையா?"

நேற்றுத் தான் சொன்ன கதையும் எலி ஒளிந்த மோட்டார் அறையும் அவளுக்கு நினைவுக்கு வந்தன. நிலத்தடித் தொட்டியைக் கழுவ இன்று பிளம்பர் வந்திருக்கிறார். தொட்டி அந்த மோட்டார் அறைத் தரைக்குக் கீழேதான். காலையில் அவருக்குச் சாவி எடுத்துக் கொடுத்ததே வாட்ச்மேன்தான். அந்த பிளம்பரை, சற்றுமுன் எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டிருக்கப் பார்த்தாளே!

செருப்பு எங்கே கழன்றது என்றுகூடத் தெரியாது. அப்படி ஓடினாள். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. உள்ளே கும்மிருட்டு. கண் பழகியதும் தெரிந்தது. மூடி எடுத்த தொட்டியின் வாய், அதன் விளிம்பில் பட்டாணி. மோட்டாருக்குப் பின்னால், முட்டியைக் கட்டிக்கொண்டு, தொட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"பட்டாணி! வாடி கண்ணு, டீச்சர்கிட்ட வா!"

பட்டாணி பின்னால் நகர்ந்தாள். ஒரு கல் உருண்டு உள்ளே விழுந்தது. எங்கோ ஆழத்தில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

டீச்சர் எடுத்த அடியை அப்படியே நிறுத்தினாள். கூப்பிட்டால் விழுவாள். பாய்ந்து பிடிக்கப் போனாலும் விழுவாள். பின்னால் மூச்சிரைக்க ஓடிவந்த பெரிய டீச்சர் பெயரைச் சொல்ல வாயைத் திறந்தார். டீச்சர் திரும்பி அவர் வாயைப் பொத்தினாள். ஐயோ, பெரிய டீச்சர் வாயையேதான்! அதைப் பற்றியெல்லாம் யோசிக்க அப்போது அவளுக்கு நேரமில்லை.

பிறகு அப்படியே குப்புறப் படுத்தாள். சேறும் எண்ணெயும் கலந்த தரை. கையை நீட்டி உடம்பை இழுத்தாள். மறுபடி நீட்டி இழுத்தாள். எழுந்து ஓடு, ஓடு என்று உடம்பு முழுக்கத் துடித்தது. நத்தை ஓடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தாள்.

பாதி தூரத்தில் இருட்டுக்குள்ளிருந்து குட்டிக் குரல் கேட்டது. "டீச்சரா?"

ஆமாம்டி என் தங்கமே என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கினாள். பேசினால் பூனை. கன்னம் தரையில் உரச, இரண்டு விரலைத் தலைமேல் கொம்பு மாதிரி வைத்து ஆட்டிக் காட்டினாள். சின்ன மூச்சு ஒன்று விடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஈரப் பாதம் ஒன்று அவள் தோளில் ஏறியது. அடுத்து இன்னொன்று. இரண்டு கைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டன. அப்போதும் அவள் அவசரப்படவில்லை. வந்த வழியே, வந்த மாதிரியே ஊர்ந்து, கதவைத் தாண்டி வெயிலுக்கு வந்தபிறகுதான் பிள்ளையை இழுத்து மடியில் போட்டாள். பெரிய டீச்சர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

பட்டாணி முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். வருஷம் முழுக்கப் பேசாத பேச்சை அன்றைக்குப் பேசினாள்.

"பூனை வந்துச்சு டீச்சர். உங்க குரல்லயே கூப்பிட்டுச்சு, அச்சு அசல் உங்களை மாதிரியே. நான் போகவே இல்லையே!"

சொல்லிவிட்டு, பாராட்டுக்காக அவள் முகத்தைப் பார்த்தாள். கெட்டிக்காரி என்று சொல்ல டீச்சருக்கு வாய் வரவில்லை. அது நான்தான்டி என்று சொல்லவும் வாய் வரவில்லை. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள்.

பட்டாணி பதறிப்போய்ச் சேற்றுக் கையால் அவள் வாயைப் பொத்தினாள்.

"ஷ்! அழாதீங்க டீச்சர். பூனை இங்கதான் எங்கயோ இருக்கு."