நல்லா இருக்கேன் டீச்சர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது ஒட்டுக்கேட்ட கதை. தொற்றுக்காகப் பள்ளிகளைப் பூட்டியதிலிருந்து என் அண்ணி தன் வகுப்புப் பிள்ளைகளை எங்கள் வீட்டுக் கூடத்திலிருந்து ஃபோனில் கூப்பிட்டு விசாரிக்கிறார். பக்கத்து அறையில் நான் எழுதுவதுபோல் உட்கார்ந்திருப்பேன்.

2

‘அந்தச் சிறுமியின் கண்களில் ஒரு...’

அடித்துவிட்டேன். அவள் கண்களை நான் பார்த்ததே இல்லை. குரலை மட்டும் ஸ்பீக்கரில் கேட்டிருக்கிறேன். வகுப்பில் அவளுக்கு வாயாடி என்று பட்டப்பெயராம். இப்போது அவளிடமிருந்து வருவது ஒரே பதில்.

“சாப்ட்டியா?”

“நல்லா இருக்கேன் டீச்சர், நன்றி.”

“தூங்கினியா?”

“நல்லா இருக்கேன் டீச்சர், நன்றி.”

(சொல்லிக்கொடுத்ததே அண்ணிதான். ஃபோனில் மரியாதையாகப் பேசுவது எப்படி என்று ஒரு பாடம். மொத்த வகுப்பும் ஒப்பித்தது. இப்போது எந்தப் பிள்ளை நிஜமாகவே நன்றாக இருக்கிறது, எது ஒப்பிக்கிறது என்று பிடிபடவில்லை. “என் தலையில நானே மண்ணை அள்ளிப் போட்டுக்கிட்டேன்” என்று புலம்புகிறார்.)

3

கதைக்கு வில்லன் வேண்டுமே. வாயாடியின் அம்மாவுக்குத் தொற்று வார்டில் துப்புரவு வேலை. வீட்டுக்கு வர விடுவதில்லை. பிள்ளை சித்தப்பாவிடம் இருக்கிறாள். ஃபோனும் அவருடையதுதான். அவளிடம் தனியாகக் கொடுக்கவே மாட்டார்.

சித்தப்பாவைச் சந்தேகப்படுவது ரொம்பச் சுலபம். [அதனாலேயே எனக்கு என்மேல் சந்தேகம். பெரிய மீசை வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.] ஃபோன் விலை உயர்ந்ததாக இருக்கலாம். பிள்ளை கீழே போட்டுவிடுவாள் என்ற பயமாக இருக்கலாம். தவிர, சுவரோரம் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நான் அவரை என்ன சொல்ல?

4

இன்று மாலை அண்ணி பாடத்தில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டார்.

“இப்ப உன் பக்கத்துல யாரு இருக்காங்க, கண்ணு?”

மூச்சு மட்டும் கேட்டது. பிறகு ஓர் ஆண் குரல்:

“யாருமில்ல டீச்சர்.”

ஃபோன் வைக்கப்பட்டது.

5

முடிவு அ: அண்ணி அவள் வீட்டுக்குப் போகிறார். சித்தப்பா கதவைத் திறக்கிறார். சும்மா விளையாட்டுக்குச் சொன்னாராம். பின்னால் வாயாடி சிரிக்கிறாள்.

முடிவு ஆ: யாரும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே

இல்லை. இதை எழுத மாட்டேன்.

நடந்தது இவ்வளவுதான்: அண்ணி குழந்தைகள் நல அலுவலகத்துக்கு ஃபோன் செய்தார்.

“ஆளே இல்லம்மா, பாதிப் பேரு தொற்று வந்து தனிமையில இருக்காங்க. காயம் ஏதாவது பாத்தீங்களா?”

“பள்ளிக்கூடம் தொறந்திருந்தா பாத்திருப்பேன் சார்.”

“அப்ப நாளைக்குப் பாக்கலாம்.”

6

மூன்றாவது முடிவுக்கு ஒரு வரி தொடங்கியிருந்தேன். அண்ணி முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு என் அறை வாசலில் வந்து நின்றார்.

“இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தே? வர்றியா, இல்ல எழுதிக்கிட்டே இருக்கப் போறியா?”

செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். முடிவை உங்களிடம் விட்டுப் போகிறேன். ‘அ’வை எடுத்துக்கொண்டால் இன்று நன்றாகத் தூங்கலாம். அதனால்தான் உங்கள்மேலும் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.