விசைப்படகு பாசிலாவின் இரும்புத் தூள்

கோட்டைப்பட்டினத்துச் சாதிக் பாட்சாவின் விசைப்படகு எஞ்சினிலிருந்து இரண்டு வருடத்தில் மூன்றே கால் கிலோ இரும்புத் தூள் வந்தது. எஞ்சினில் ஒரு குண்டூசி எடைகூடக் குறையவில்லை. மெக்கானிக் நாகராசு சந்தேகப்பட்டு இரண்டு தடவை பிரித்து அளந்தார். பிஸ்டன், ரிங்கு, கிராங்க் எல்லாம் புதிதாக வந்த நாளில் இருந்த அளவிலேயே இருந்தன. ஆயிலை இறக்கும் நட்டின் உள்பக்கத்தில், பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றை அவர்தான் பொருத்தியிருந்தார். ஓடுகிற எஞ்சின் தேயும், தேய்ந்த தூள் ஆயிலோடு சுற்றினால் மேலும் தேய்க்கும், காந்தம் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அந்தத் துறையில் பல போட்டுகளில் உள்ள ஏற்பாடுதான். மற்ற போட்டுகளில் மாதத்துக்கு ஒரு சிட்டிகை வரும். இதில் எலுமிச்சம்பழம் அளவு வந்தது. நாகராசு அதை மீன் நிறுக்கிற தராசில் நிறுத்து ஊறுகாய் ஜாடியில் கொட்டி வைத்தார்.

"ரிங்குத் தூளு மாவாட்டம் இருக்கும் பாய், கியர்த் தூளு கையில குத்தும். இது ரெண்டுலயும் சேத்தி இல்ல. தொட்டா கதகதன்னு இருக்கு," என்றார். சாதிக் சிரித்தான். எஞ்சின் நன்றாக ஓடியது, இறால் பட்டது, ஆட்கள் ஐந்து பேருக்கும் வீட்டில் உலை கொதித்தது. அவன் கவலைப்படவில்லை. பட்டிருக்க வேண்டும், மடையன்.

படகுக்கு மனைவியின் பெயரைத்தான் வைத்திருந்தான். அதில் குற்றமில்லை; அந்தக் கரையில் பாதிப் படகுகள் மனைவிமார் பெயரிலும் மகள்மார் பெயரிலும்தான் கடலுக்குப் போகின்றன, அந்தப் பெண்கள் எல்லாரும் கல்லுப்போலத்தான் இருக்கிறார்கள். ஆனால் இவன் படகைத் தண்ணீரில் இறக்கிய அன்று, பாத்திஹா ஓதி சர்க்கரை கொடுத்த சந்தோஷத்தில், பாசிலா கையையும் படகின் முன்முனை அணியத்துப் பலகையையும் சேர்த்துத் தொட்டு, "இனி நீங்க ரெண்டு பேரும் எனக்கு ஒண்ணுதான்" என்று சொன்னான். பாசிலா வெட்கப்பட்டாள். படகு அதை அப்படியே நம்பிவிட்டது.

அன்றிலிருந்து பாசிலா வெளுக்க ஆரம்பித்தாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. வீட்டு வேலை என்று நினைத்தார்கள், வெயில் என்று நினைத்தார்கள். அடுத்த வருடம் கர்ப்பமாகி மூன்றாம் மாதத்தில் கர்ப்பிணி அட்டை போட்டபோது கிராம நர்ஸ் பிரகதாம்பாள் விரலில் குத்திப் பார்த்து, ரத்தம் எட்டுப் பாயிண்ட் என்று எழுதினார். மாத்திரை கொடுத்தார். பேரீச்சம்பழம், முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல் என்று மாமியார் சாரா உம்மாள் ஊட்டினாள். சித்திரையில் மீன்பிடித் தடைக்காலம் வந்து அறுபத்தோரு நாள் படகுகள் கரையில் கிடந்தன. ரத்தம் பதினொன்றுக்கு ஏறியது. தடை முடிந்து கடலுக்குப் போன ஆறாவது வாரம் ஏழரைக்கு இறங்கியது. ஏழுக்குக் கீழே போனால் தாய்க்கும் பிள்ளைக்கும் தான் பொறுப்பில்லை என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பிரசவத்துக்கு எட்டு வாரம் இருந்தது.

பாசிலா அட்டையைக் கணவன் முன்னால் விரித்து வைத்தாள். "போட்டு கரையில கெடந்தா எனக்கு ஏறுது, கடலுக்குப் போனா எறங்குது. ஒங்க எஞ்சினுக்கு நான் என்ன டீசலா மச்சான்?"

சாதிக் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். நேராகப் போய்க் காந்தத்தைக் கழற்றி எறிந்தான். பத்து நாளில் ஆயில் அல்வாப் பதத்துக்கு இறுகியது, பாசிலாவுக்கு இன்னும் கால் பாயிண்ட் குறைந்தது. "அது பொறுக்கிக் குடுத்துச்சு, அவ்வளவுதான். எடுக்கறது எஞ்சினு," என்று சொல்லி நாகராசு ஆயிலை மாற்றி, காந்தத்தைத் தேடி எடுத்து மறுபடி மாட்டினார். விற்றுவிடலாம் என்றால், வாங்குகிறவன் எந்தத் துறையில் எத்தனை நாள் ஓட்டுவானோ, கேட்க முடியாது. கரையில் போட்டு வைத்தால் ஐந்து குடும்பம் பட்டினி. கடைசியில் பெயரைச் சுரண்டினான். சுரண்டிய படகு ஸ்டார்ட் ஆகவில்லை. பேட்டரி மாற்றினார்கள், நாசில் மாற்றினார்கள். உறுமக்கூட இல்லை.

"யார் பேராச்சும் வேணும்ங்குது பாய்," என்றார் நாகராசு, பில்டர் அழுக்கு என்று சொல்கிற குரலில்.

சாரா உம்மாள் தன் பெயரை எழுதச் சொன்னாள். "எழுவது வயசுல எனக்கு எதுக்குடா இம்புட்டு ரத்தம்?" சாதிக் ஒத்துக்கொள்ளவில்லை. மறுநாள் பெயிண்டரைக் கூட்டிப்போய்த் தன் பெயரை எழுதச் சொன்னான். உயிரோடிருக்கிற ஓனர் தன் பெயரைத் தானே எழுதிக்கொண்டு அந்தக் கரையில் யாரும் பார்த்ததில்லை. தேர்தலில் நிற்கப் போறியா என்று கேலி பேசினார்கள். பெயிண்ட் காய்வதற்குள் எஞ்சின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது.

பாசிலாவுக்கு ரத்தம் பதினொன்றரையில் இருக்கும்போது சுகப்பிரசவம் ஆனது. பெண் குழந்தை, மூன்று கிலோ, ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கிற குரல். சாமியா என்று பெயர் வைத்தார்கள். சாதிக் அவளைத் தூக்கிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றான். அவனுக்கு ரத்தம் அப்போது ஒன்பது.

அதற்குப் பிறகு மாதா மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சுகாதார நிலையத்துப் பெஞ்சில், கர்ப்பிணிகளுக்கு நடுவில், கைலி கட்டிய ஒரு ஆண் உட்கார்ந்திருப்பதை ஊர் பார்க்கிறது. ஆண்களுக்கென்று தனி அட்டை கிடையாது என்பதால் பிரகதாம்பாள் கர்ப்பிணி அட்டையையே கொடுத்து, பிரசவத் தேதிக் கட்டத்தில் மட்டும் ஒரு கோடு கிழித்தார். முதல் மாதம் சிரித்த பெண்கள் அடுத்த மாதம், "இங்கிட்டு பேனுக்கு அடியில உக்காருங்கண்ணே" என்று இடம் விட்டார்கள். மாத்திரையை டீயோடு போடக் கூடாது, எலுமிச்சைச் சாற்றோடு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான்.

கடலுக்குப் போகிற நாட்களில், விடிந்ததும் பாசிலா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவனை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்து வருகிறாள். கட்டைவிரலால் அவன் கீழ் இமையை இழுத்துப் பார்க்கிறாள். வெளுத்திருந்தால் அன்று படகு போகாது. வானிலை அறிக்கை என்ன சொன்னாலும் சரி, ஆட்கள் ஐந்து பேரும் ஐஸ் பெட்டியோடு தெருவில் நிற்கிறார்கள், அவள் பார்த்து முடித்து "போங்க" என்று சொல்கிற வரைக்கும்.